ஆட்சிப் பணித் தேர்வில் ஒரு சமயத் தாள்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

பட்டம் பெற்ற பின் என்ன செய்வது என்னும் வினா நம் ஒவ்வொருவர் முன்னும் நிற்கிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே, "எப்படியாவது அரசுத் தேர்வு எழுதிவிடு" என்னும் அறிவுரையை வீட்டிலும் தெருவிலும் நாள்தோறும் கேட்பவன். தேர்வாணையங்களின் பாடத்திட்டங்களைத் தேடிப் படிப்பது எனக்கு ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. அவ்வாறு படித்தவற்றுள் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது நம் அண்டை நாடான பாகிஸ்தானின் ஆட்சிப் பணித் தேர்வில் உள்ள 'இஸ்லாமிய ஆய்வு' என்னும் தாள். அது என்ன கேட்கிறது, அதற்கு எவ்வாறு ஆயத்தம் செய்ய வேண்டும் என்பதை நண்பர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அயல்நாட்டுத் தேர்வு நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஒரு நாடு தன் வருங்கால அதிகாரிகளிடம் எதை எதிர்பார்க்கிறது என்பதை அதன் வினாத்தாள் காட்டிவிடும். அத்துடன், அத்தாளுக்குப் பயன்படும் நூல்கள் சில நம் சென்னை நகரில் பிறந்தவை. அந்தச் செய்தியைப் பின்னர்க் காண்போம்.

தேர்வின் அமைப்பு

பாகிஸ்தானில் இத்தேர்வை நடத்துவது இஸ்லாமாபாதில் உள்ள கூட்டாட்சித் தேர்வாணையம். நிர்வாகப் பணி, காவல் பணி, வெளியுறவுப் பணி முதலிய உயர் பணிகளுக்கு ஆட்களைத் தெரிவு செய்யும் தேர்வு இது. பொதுவாக 21 முதல் 30 வயது வரை உள்ள பட்டதாரிகள் எழுதலாம்; மூன்று வாய்ப்புகளே உண்டு. 2022ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து கொள்குறி வினாக்கள் கொண்ட முதனிலைத் தேர்வு ஒன்றும் சேர்க்கப்பட்டுள்ளது.

எழுத்துத் தேர்வுக்கு 1200 மதிப்பெண்கள். நேர்முகத் தேர்வுக்கு 300. எழுத்துத் தேர்வில் பாதி, அதாவது 600 மதிப்பெண்கள், கட்டாயத் தாள்களுக்கு உரியவை. ஆங்கிலக் கட்டுரை, ஆங்கிலச் சுருக்கமும் மொழிப் பயிற்சியும், பொது அறிவியலும் திறனறிவும், நடப்புச் செய்திகள், பாகிஸ்தான் நாட்டு விவகாரங்கள், இஸ்லாமிய ஆய்வு ஆகியனவே அந்த ஆறு தாள்கள். முஸ்லிம் அல்லாதோர் இறுதித் தாளுக்கு மாற்றாக 'முக்கியச் சமயங்களின் ஒப்பீட்டு ஆய்வு' என்னும் தாளை எழுதலாம்.

கட்டாயத் தாள் ஒவ்வொன்றிலும் 40 மதிப்பெண் பெற்றாக வேண்டும். ஒரு தாளில் 39 வாங்கினால், பிற தாள்களில் குவித்த மதிப்பெண்கள் அனைத்தும் வீண். நூற்றுக்கு இரண்டு மூன்று பேரே எழுத்துத் தேர்வில் தேறும் ஆண்டுகள் உண்டு. "பிறந்தது முதல் அறிந்த சமயந்தானே, இதற்குத் தனியாகப் படிப்பானேன்?" என்னும் எண்ணம் இங்கே ஆபத்தானது.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். ஏனைய தாள்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட வேண்டியிருக்க, இஸ்லாமிய ஆய்வுத் தாளை உருதுவிலும் எழுதலாம். போட்டித் தேர்வுகளை உருதுவில் நடத்த வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015 செப்டம்பரில் ஆணையிட்டும், ஆங்கிலத்தின் பிடி தளரவில்லை. சிற்றூர்ப் பள்ளியில் தாய்மொழி வழியில் படித்து வந்த மாணவனுக்கு, தான் நினைப்பதைத் தனக்குப் பழகிய மொழியில் சொல்ல இத்தாள் இடம் தருகிறது. தமிழ் வழியில் படித்து வந்த நம்மில் பலருக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

தாளின் ஏழு பகுதிகள்

2016ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள பாடத்திட்டம் ஏழு பகுதிகளைக் கொண்டது. இஸ்லாம் பற்றிய அறிமுகம், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாறு, மனித உரிமைகளும் பெண்களின் நிலையும், இஸ்லாமிய நாகரிகமும் பண்பாடும், இஸ்லாமும் உலகமும், பொது நிர்வாகமும் ஆட்சி முறையும், இஸ்லாமிய வாழ்க்கை நெறி என்பன அவை.

முதற் பகுதியில் இறைநம்பிக்கை, தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ் ஆகியவை இடம்பெறுகின்றன. ஆனால் தொழுகை எவ்வாறு நிறைவேற்றப்படுகிறது என்று தாள் கேட்பதில்லை. அது தனிமனிதனிடத்தும் சமுதாயத்திலும் என்ன மாற்றத்தை விளைவிக்கிறது என்றே கேட்கிறது. ஜகாத் செல்வத்தில் நூற்றுக்கு இரண்டரை என்பது சிறுவருக்கும் தெரியும். 1980இல் பிறப்பிக்கப்பட்ட ஜகாத் – உஷர் அவசரச் சட்டத்தின்படி பாகிஸ்தானில் சேமிப்புக் கணக்குகளிலிருந்து அது பிடித்தம் செய்யப்படுகிறது என்பதையும், அரசே வசூலிப்பதால் வரும் நன்மை தீமைகளையும் சேர்த்து எழுதுபவரின் விடையே நிர்வாகி ஒருவரின் விடையாக அமையும். தெரிந்த சமயத்தைத் தெரியாத ஒருவருக்குக் காரண காரியத்தோடு விளக்கும் ஆற்றலே இத்தாளில் சோதிக்கப்படுகிறது.

வரலாற்றை வகைப்படுத்திப் படித்தல்

நபிகள் நாயகத்தின் வாழ்க்கை வரலாற்றைக் குறிக்கும் 'சீறா' என்னும் சொல் நமக்குப் புதிதன்று. உமறுப் புலவர் தம் காப்பியத்துக்குச் சீறாப்புராணம் என்று பெயரிட்டது இதனாலேயே. பாடத்திட்டம் இவ்வரலாற்றைப் பிறப்பு முதல் மறைவு வரை வரிசையாகக் கேட்காமல், தனிமனிதர், தூதாண்மையாளர், ஆசிரியர், போர்த்திறம் மிக்கவர், அமைதி காப்பவர் என்னும் ஐந்து நோக்கில் கேட்கிறது. ஆகவே படிப்பவர் முதலில் காலவரிசை அட்டவணை ஒன்றை எழுதிக்கொள்ள வேண்டும். 610 முதல் வேதவெளிப்பாடு, 622 ஹிஜ்ரத், 624 பத்ருப் போர், 627 அகழ்ப் போர், 628 ஹுதைபிய்யா உடன்படிக்கை, 630 மக்கா வெற்றி, 632 இறுதி ஹஜ்ஜும் மறைவும். பின்னர் ஒவ்வொரு நிகழ்ச்சியும் ஐந்து நோக்கில் எதற்குப் பொருந்தும் என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஆசிரியர் என்னும் நோக்குக்கு, பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளுள் எழுத்தறிந்தவர்கள் ஆளுக்குப் பத்துச் சிறுவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்பித்தால் விடுதலை என்று வைத்த செய்தி பொருந்தும். போர்த்திறத்துக்கு, பாரசீகரான சல்மான் (ரலி) அவர்களின் யோசனையை ஏற்று மதீனாவைக் காக்க அகழ் தோண்டியது சான்று. பிறர் சொல்லும் நல்ல யோசனையை, அவர் எந்நாட்டவர் ஆயினும், ஏற்றுக்கொண்ட பண்பும் அதில் உண்டு. தூதாண்மைக்கு, பார்வைக்குப் பாதகமாகத் தோன்றிய நிபந்தனைகளை ஏற்றுக் கையெழுத்திட்ட ஹுதைபிய்யா உடன்படிக்கை.

அமைதி காப்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். நபித்துவத்துக்கு முன்பே, கஃபா புதுப்பிக்கப்பட்டபோது கறுப்புக் கல்லை அதன் இடத்தில் வைக்கும் பெருமை யாருக்கு என்று குலங்களுக்கிடையே பூசல் எழுந்தது. ஒரு துணியை விரித்து, அதன்மீது கல்லை வைத்து, குலத் தலைவர்கள் அனைவரையும் துணியைப் பிடித்துத் தூக்கச் செய்தார் நபிகள். உரிய இடம் வந்ததும் தம் கையால் கல்லை எடுத்துப் பொருத்தினார். எல்லாருக்கும் பங்கு கிடைத்தது. ஒருவருக்கும் தோல்வி இல்லை. கோயில் திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை என்று ஊர் இரண்டுபடுவதைக் கண்ட நமக்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும்.

இரு கடிதங்கள்

இத்தாளின் உயிர்நிலை ஆறாம் பகுதியாகிய பொது நிர்வாகம் என்பது என் கருத்து. 632 முதல் 661 வரை ஆண்ட நான்கு கலீஃபாக்களின் ஆட்சி முறையைக் கேட்கும் இப்பகுதி, உமர் (ரலி), அலி (ரலி) ஆகிய இருவரும் தம் அதிகாரிகளுக்கு எழுதிய கடிதங்களைப் பெயர் சுட்டியே குறிப்பிடுகிறது.

உமர் 634 முதல் 644 வரை ஆண்டவர். பஸ்ராவில் இருந்த அபூமூஸா அல்அஷ்அரிக்கு அவர் எழுதிய கடிதம் நீதி வழங்கும் முறை பற்றியது. வழக்காடும் இருவரையும் பார்வையிலும் இருக்கையிலும் சமமாக நடத்துதல். குற்றம் சாட்டுபவரே சான்று காட்ட வேண்டும் என்னும் விதி. நேற்று தந்த தீர்ப்பு தவறு என்று இன்று தெரிந்தால் உண்மையின் பக்கம் திரும்பத் தயங்காமை ஆகியன அதில் கூறப்படுகின்றன. ஆளுநர்களை நியமிக்கும்போதே அவர்களுடைய சொத்துகளை உமர் எழுதி வைத்துக்கொண்டார் என்றும் வரலாறு கூறுகிறது. இன்று அரசு ஊழியர் சொத்து விவரம் தாக்கல் செய்வதற்கு இது ஒரு பழைய முன்மாதிரி எனலாம்.

அலி 656 முதல் 661 வரை ஆண்டவர். எகிப்தின் ஆளுநராக அவர் நியமித்த மாலிக் அல்அஷ்தர், பதவி ஏற்கச் செல்லும் வழியிலேயே இறந்தார். அவருக்கு எழுதப்பட்ட நீண்ட கடிதம் ஒரு நிர்வாகக் கையேடு போன்றது. அதிகாரிகளைச் சோதித்து அறிந்த பின்னரே அமர்த்த வேண்டும். தவறான வழியில் கை நீட்டாதபடி போதிய ஊதியம் தர வேண்டும். அவர்களைக் கண்காணிக்க நம்பகமானவர்கள் வேண்டும். வரி வசூலைக் காட்டிலும் நிலத்தின் வளத்தில் கருத்து மிகுதியாக இருக்க வேண்டும். வணிகர் பதுக்குவதைத் தடுக்க வேண்டும் என்று அது விரிகிறது. முறையிட வரும் எளியோர்க்கு நேரம் ஒதுக்கி, அவர்கள் நாத் தடுமாறாமல் பேசும்படி காவலர்களை அப்பால் நிறுத்த வேண்டும் என்னும் அறிவுரை என் நெஞ்சைத் தொட்டது. அலுவலக வாசலில் மனுவோடு நின்று, உள்ளே சென்றதும் சொல்ல வந்ததை மறந்துவிடும் நம் பெற்றோரை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.

அலுவலரைத் தெரிந்து தெளிந்து அமர்த்துவது பற்றித் திருக்குறளும் 51, 52 ஆகிய இரு அதிகாரங்களை ஒதுக்கியிருப்பது நாம் அறிந்ததே. காலமும் களமும் வேறாயினும் கவலை ஒன்றே.

இங்கே படிப்பவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அலியின் கடிதம் இடம்பெறும் நஹ்ஜுல் பலாகா என்னும் தொகுப்பு, அவர் காலத்துக்கு ஏறத்தாழ 350 ஆண்டுகளுக்குப் பின் ஷரீஃப் அர்ரழீ என்பவரால் தொகுக்கப்பட்டது. இக்கடிதங்களின் சொற்கள் பற்றி அறிஞர்களிடையே வாதங்கள் உண்டு. இதை ஒரு வரியில் குறிப்பிட்டுவிட்டுக் கருத்துக்குச் செல்பவரின் விடையில் ஆராய்ச்சி மணம் கமழும்.

ஹிஸ்பா: கேள்வி கேட்கும் முறை

அதே பகுதியில் வரும் 'ஹிஸ்பா' என்பது கண்காணிப்பு முறை. அதை நடத்தும் அதிகாரி முஹ்தஸிப். சந்தையில் எடைக்கல்லையும் படியையும் சோதிப்பதும், கலப்படத்தைத் தடுப்பதும் இவருடைய முதன்மைப் பணிகள். 1058இல் மறைந்த அல்மாவர்தி தம் ஆட்சியியல் நூலில் இதற்கென ஓர் இயலே வகுத்துள்ளார்.

இப்பழைய சொல் இன்றும் வாழ்கிறது. பாகிஸ்தானில் 1983இல் நிறுவப்பட்ட குறைதீர்ப்பு அமைப்புக்கு 'வஃபாகி முஹ்தஸிப்' என்றே பெயர். கூட்டாட்சி அரசு அலுவலகங்களின் முறைகேடுகள் குறித்துக் கட்டணமின்றி, வழக்கறிஞர் இன்றி, எவரும் அதனிடம் முறையிடலாம். மறுபுறம், வடமேற்கு எல்லை மாகாணச் சட்டமன்றம் 2005இல் நிறைவேற்றிய ஹிஸ்பா மசோதா, மக்களின் தனி ஒழுக்கத்தைக் கண்காணிக்கும் அதிகாரத்தைத் தர முற்பட்டது. அதன் பிரிவுகள் பலவற்றை அரசமைப்புக்கு முரணானவை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதிகாரியைக் கேள்வி கேட்கும் கருவியா, குடிமகனைக் கேள்வி கேட்கும் கருவியா என்னும் இடத்தில்தான் ஹிஸ்பாவின் நன்மையும் தீமையும் பிரிகின்றன. இவ்விரு எடுத்துக்காட்டுகளையும் அருகருகே வைத்து எழுதத் தெரிந்தவர் அந்த வினாவை வென்றவர் ஆவார்.

அறிவியல் மாணவனுக்கு உரிய இடம்

இஸ்லாமிய நாகரிகம் மேலைநாடுகள்மீது செலுத்திய தாக்கம் பற்றிய வினா, நம்மைப் போன்ற அறிவியல் மாணவர்களுக்கு மிகவும் எளிது. பாக்தாதில் ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி நம் நாட்டு எண்முறையை விளக்கி எழுதினார். அவ்வெழுத்து பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலத்தீனுக்குச் சென்றது. 'அல்ஜீப்ரா' என்னும் சொல் அவர் நூற்பெயரிலிருந்தும், 'அல்காரிதம்' என்னும் சொல் அவர் பெயரிலிருந்தும் வந்தவை. பஸ்ராவில் 965இல் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்ஹைதம், கண்ணிலிருந்து கதிர் புறப்படுவதால் பார்க்கிறோம் என்னும் பழங்கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என்று நிறுவினார். ஒளியியல் ஆய்வகத்தில் நாம் செய்யும் சோதனைகளுக்கு அவர் ஒரு முன்னோர்.

வெறும் பெயர்ப் பட்டியலுக்கு மதிப்பெண் குறைவு. கிரேக்க நூல்களும் இந்தியக் கணிதமும் அரபுக்குச் சென்று, அங்கே வளர்ந்து, தொலேதோ முதலிய நகரங்களின் வழியே இலத்தீனுக்குச் சென்ற பாதையைக் காட்ட வேண்டும். அறிவு எல்லை கடந்து செல்லும்போதே வளர்கிறது என்பது அதன்வழிப் புலனாகும்.

சென்னையில் பிறந்த நூல்கள்

ஏழாம் பகுதி அறிஞர்களின் ஒருமித்த முடிவாகிய 'இஜ்மா', மூல நூல்களில் நேர் விடை இல்லாதபோது அறிவு முயற்சியால் விடை காணும் 'இஜ்திஹாத்' ஆகியவற்றைக் கேட்கிறது. இஜ்திஹாத் பற்றி எழுதுவோர் தவிர்க்க முடியாத நூல், இஸ்லாமியச் சமயச் சிந்தனையின் மறுசீரமைப்பு குறித்துக் கவிஞர் இக்பால் ஆங்கிலத்தில் நிகழ்த்திய சொற்பொழிவுகள். தனி அறிஞர்களிடம் இருந்த இஜ்திஹாத் உரிமை இக்காலத்தில் சட்டமன்றத்துக்குச் செல்ல வேண்டும் என்பது அதில் அவர் முன்வைத்த கருத்து. இந்நூல் 1930இல் லாகூரில் வெளியாயிற்று. ஆனால் அதன் சொற்பொழிவுகளுள் மூன்று, 1929 ஜனவரியில் நம் சென்னையில் நிகழ்த்தப்பட்டவை!

சீறா பகுதிக்குப் பெரிதும் பயன்படும் சையத் சுலைமான் நத்வியின் உருது நூலின் பெயரே 'குத்பாத்தே மத்ராஸ்', அதாவது சென்னைச் சொற்பொழிவுகள். 1925இல் இங்கே நிகழ்த்திய எட்டு உரைகளின் தொகுப்பு அது. இஸ்லாமியப் பண்பாடு பற்றி மார்மடியூக் பிக்தால் 1927இல் ஆற்றிய உரைகளும் சென்னைக்கு உரியவை. இம்முயற்சிகளுக்குத் துணை நின்ற புரவலர் வணிகர் ஜமால் முகமது சாகிபு. திருச்சியில் 1951இல் தொடங்கப்பட்ட ஜமால் முகமது கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. லாகூரிலும் கராச்சியிலும் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர் கையில் நம் ஊரின் பெயர் இருப்பது நமக்குப் பெருமையே.

விடை எழுதும் முறை

மூன்று மணி நேரத் தாளில் கொள்குறி வினாக்களுக்கு 20 மதிப்பெண். அதற்கு அரை மணி. மீதி இரண்டரை மணியில் 20 மதிப்பெண் வினாக்கள் நான்கு. ஒரு வினாவுக்கு 37 நிமிடங்களே கிடைக்கும். நம் செய்முறைப் பதிவேட்டில் நோக்கம், செய்முறை, காட்சிப் பதிவு, முடிவு என எழுதுகிறோம் அல்லவா? அவ்வொழுங்கே இங்கும் உதவும். முதலில் வினாவில் உள்ள சொல்லை வரையறுத்தல். அடுத்து திருக்குர்ஆன், ஹதீஸ் சான்று. பின்னர் வரலாற்று நிகழ்ச்சி. அதன்பின் இன்றைய பொருத்தம். இறுதியில் தன் முடிவு.

வசனங்களை அரபியில் பிழையாக எழுதுவதினும் பொருளைச் சரியாக எழுதுவது நன்று. பத்து வழிகாட்டி நூல்களைப் புரட்டுவதைவிட, ஹைதராபாதில் பிறந்த முனைவர் ஹமீதுல்லாவின் 'இஸ்லாம் அறிமுகம்' போன்ற ஒரு நல்ல நூலை மும்முறை படித்துத் தாமே குறிப்பு எடுப்பது சிறந்தது. பிறர் குறிப்பை மனப்பாடம் செய்தவர், வினா சற்றுத் திரும்பியதும் திகைத்து நிற்பார்.

தாளுக்கு வெளியே

'தீவிரவாதத்தின் எழுச்சி' என்பதும் 'சகிப்புத்தன்மை' என்பதும் இத்தாளில் தலைப்புகள். பெஷாவர் ராணுவப் பள்ளியில் 2014 டிசம்பர் 16 அன்று நடந்த தாக்குதலில் 140க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மாணவர்கள். 2018 ஜனவரியில் 1,800க்கும் மேற்பட்ட மார்க்க அறிஞர்கள் இத்தகைய வன்முறைக்கு எதிராக 'பைகாமே பாகிஸ்தான்' என்னும் கூட்டறிக்கையில் கையொப்பமிட்டனர். விடைத்தாளில் இவை சான்றுகள். வெளியே இவை உயிர்கள்.

2024 பிப்ரவரியில் லாகூரின் இச்ரா கடைவீதியில், அரபு எழுத்துகள் அச்சிட்ட உடை அணிந்திருந்த ஒரு பெண்ணைக் கூட்டம் சூழ்ந்துகொண்டது. அவை திருக்குர்ஆன் வசனங்கள் என்று கூட்டம் எண்ணியது. உண்மையில் அவை அழகு என்னும் பொருள் தரும் சாதாரணச் சொல்லே. இளம் காவல் அதிகாரி ஷெஹர்பானோ நக்வி அக்கூட்டத்தின் நடுவே புகுந்து, பேசி, அப்பெண்ணைப் பத்திரமாக வெளியே அழைத்து வந்தார். அரபு எழுத்து எல்லாம் வேதம் ஆகிவிடாது என்னும் அறிவும், நம்பிக்கையின் பெயரால் திரண்ட கூட்டத்திடம் அந்நம்பிக்கையின் மொழியிலேயே பேசும் துணிவும் ஓர் அதிகாரிக்கு எவ்வளவு இன்றியமையாதவை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஒரு சமயத்தைக் கட்டாயத் தாளாக வைப்பது முறையா என்னும் வினா நமக்கு எழுவது இயல்பு. பல சமயத்தார் வாழும் நாட்டில் அவ்வினா நியாயமானதே. மாற்றுத் தாள் இருப்பது அதற்கு ஓரளவு விடை. சிந்து மாகாணத்தைச் சேர்ந்த மருத்துவர் சனா ராம்சந்த் 2020ஆம் ஆண்டுத் தேர்வில் வென்று, பாகிஸ்தான் நிர்வாகப் பணிக்குத் தேர்வான முதல் இந்துப் பெண் ஆனார். அவரிடம் மனு கொடுக்க வருவோரில் பெரும்பாலோர் முஸ்லிம்களாகவே இருப்பர். தம் மக்களின் சமயத்தை அறிந்துகொள்ளும் கடமை எல்லா அதிகாரிகளுக்கும் உண்டு. அச்சமயம் தமதாயினும் பிறரதாயினும் சரியே.

நம்முள் சிலர் நாளை ஏதேனும் ஒரு மேசைக்குப் பின்னால் அமரக்கூடும். அன்று நம் முன் வந்து நிற்பவர் நம் சமயத்தவராகவோ நம் சாதியினராகவோ இருக்க வேண்டியதில்லை. அவர் தடுமாறாமல் பேசும்படி நாம் நடந்துகொள்வோமாயின், எந்நாட்டுத் தேர்வை எழுதியிருந்தாலும் நாம் தேறியவர்களே.